பூச்சியமாம் தாள்

போன கிழமை லோஜினியை அவளுடைய மேசை லாச்சிக்கு முன்னால் நிற்க விட்டுவிட்டு வந்தோம். லாச்சி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சிவப்புப் பென்சிலும் காய்ந்த பசைப் போத்தலும் தவிர வேறொன்றும் இல்லை. ஏழு தாள்களைக் காணவில்லை. ஒன்பது நாள் உழைப்பு.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு விளக்கம். மற்றவர்கள் அதற்குள் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்துக்கொள்ளலாம்.

திருகோணமலைக் கடைத்தெருவில் சிவகுருநாதன் ஸ்டோர்ஸ் என்றால் மல்லி, மிளகாய், அரிசி. பெரியவர் சிவகுருநாதன் காலமாகி மூன்று வருடம். இப்போது கல்லாவில் மகன் தவராசா. மகள் லோஜினி பேராதனையில் படித்துவிட்டு வந்து, கடைக்கு மேலே உள்ள அறையில் ஒரு கணினியோடும், அழுதழுது வேலை செய்யும் தொலைபேசி இணைப்போடும் இருக்கிறாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு மென்பொருள் எழுதுவதுதான் அவள் தொழில். நெல்லின் பரம்பரைச் செய்தியை எழுத்தெழுத்தாக வாசித்து, எந்தக் குணம் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் அது. எழுதியதெல்லாம் இணையத்தில் திறந்து கிடக்கும். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், விலை கிடையாது.

விலை கிடையாது என்ற இடத்தில்தான் தவராசாவுக்குத் தலை சுற்றும். "சும்மா குடுக்கிறதுக்குப் பேர் தொழில் இல்லை, அன்னதானம்" என்பான். லோஜினிக்கு மாதச் சம்பளம் வருகிறது என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்துவிடுவான்.

அந்த மென்பொருளில் ஒரு பிழை இரண்டு வருடமாக ஒளிந்திருந்தது. கணினி முதல் எழுத்தைப் பூச்சியம் என்று எண்ணும். ஓர் ஆய்வுக்கூடம் அனுப்பிய பட்டியலோ முதல் எழுத்தை ஒன்று என்று எண்ணியிருந்தது. இரண்டையும் சேர்த்தால் எல்லாம் ஓரெழுத்துத் தள்ளிப் போகும். உலகத்தில் நாற்பது பேர் பார்த்தும் பிடிபடாத அந்தப் பிழையை, மின்வெட்டு நேரத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் தாள்களை விரித்து, சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுப் போட்டு லோஜினி பிடித்தாள். புதுப் பதிப்பு வெளியாவது நாளைக்கு. தாள்கள் இல்லை.

அவள் படியிறங்கி வந்த வேகத்தில் கடைசிப் படி தவறியது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

தவராசா அரிசி அளந்துகொண்டிருந்தான். கொத்துப் பேணியைச் சாக்குக்குள் இறக்கி, மேலே குவிந்த அரிசியை உள்ளங்கையால் வழித்து, சம்பிரதாயப்படி எண்ணினான்.

"லாபம்... ரெண்டு... மூண்டு..."

நம்மூர் வியாபாரி முதல் கொத்துக்கு ஒன்று என்று வாய் திறக்க மாட்டான். ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமோ என்ற பயம். ஆகையால் லாபம்.

"அண்ணா, என்ர லாச்சியில கிடந்த பேப்பர் எங்க?"

"நாலு... எந்தப் பேப்பர்?"

"எழுத்தெழுத்தா அடிச்சது. சிவப்பில வட்டம் போட்டது."

"ஓ, அதா. அஞ்சு... சரை சுத்தினனான்."

கடதாசியைக் கூம்பாகச் சுருட்டிச் சரக்குக் கொட்டிக் கொடுக்கும் பொட்டலத்துக்குச் சரை என்று பெயர்.

"எதுக்குச் சுத்தினனீங்கள்?"

"மல்லிக்கு, சீரகத்துக்கு, தூளுக்கு. கொழும்பில இருந்து பழம்பேப்பர் கட்டு வந்து மூண்டு கிழமை. எதில சுத்துறது, என்ர இடுப்புச் சாரத்திலயா?"

"அது ஒன்பது நாள் வேலை!"

"ஏ, ரீ, ஜீ, சீ. திருப்பியும் ஏ, ரீ, ஜீ, சீ. ஒரு உருப்படியான சொல்லில்லை. அதிலயும் ஒரு பக்கந்தான் அடிச்சுக் கிடக்கு. பின்பக்கம் வெள்ளை வெளேரெண்டு சும்மா இருக்கு. வீணாப் போகலாமே?"

"என்ர அறைக்குள்ள ஆரைக் கேட்டுப் போனனீங்கள்?"

"என்ர வீட்டுக்குள்ள மாடிக்கு ஏற நான் பாஸ் எடுக்கவேணுமோ?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. நிறுத்தக்கூடப் பொறுமையில்லாமல் அதைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தவன் மஹ்ரூப். குறிஞ்சாக்கேணியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஹம்மது தம்பியின் மச்சான்.

"முதலாளி! மச்சானப் புடிச்சி வெச்சிட்டாங்க!"

"ஆர்? எங்க?"

"கிண்ணியாப் பாதையில, செக்பொயின்ற்ல. காலையில உங்கட கடையில சாமான் வாங்கினவர்தானே. சரை எல்லாத்தையும் அவிழ்த்துக் கொட்டிட்டாங்க. பேப்பர் முழுக்க இங்கிலீஷ் எழுத்தாம், சிவப்பு வட்டமாம். ரகசிய எழுத்தாம். ஆர் தந்த, ஆருக்குக் கொண்டு போறா எண்டு கேட்டு இரிக்க வெச்சிரிக்காங்க. நாலு மணிக்கு வண்டி வருமாம். பெரிய ஆமிக் காம்புக்கு ஏத்துவாங்களாம். அங்க போனா..."

அவன் முடிக்கவில்லை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் இந்த ஊரில் அந்த வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை.

தவராசா பேணியைச் சாக்குக்குள் விட்டான். மேல் அரிசியை வழித்தான்.

"எங்கட கடைப் பேப்பரா இராது. வழியில வேற எங்கயும் ஏதும் வாங்கியிருப்பார். ஆறு..."

அந்த "ஆறு" லோஜினியின் காதில் அறைந்தது போல விழுந்தது. ஒரு மனிதனைக் கைகழுவும்போதும் கணக்குத் தவறாத வாய்!

"அது என்ர பேப்பர், மஹ்ரூப்" என்றாள். "நான் வாறன்."

தவராசா பேணியைப் போட்டுவிட்டு அவளைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"விசரே உனக்கு? அங்க போய் என்ன சொல்லப் போறாய்? 'நான் கோட் எழுதுறனான்' எண்டா? உன்ர தொழிலில வாயைத் திறந்தால் அந்தச் சொல்லுத்தானே. காலையில கோட், மத்தியானம் கோட். செக்பொயின்ற்ல அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், பிள்ளை, ரகசிய எழுத்து. முஹம்மது தம்பிக்குப் பக்கத்தில உனக்கும் குந்தியிருக்க ஒரு வாங்கு போடுவான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அடுப்படியில் நின்ற புஷ்பவதி, தவராசாவின் மனைவி, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் கூடப் போறன். கந்தளாயில பிறந்து வளந்தனான், சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இஞ்சருங்கோ, அடுப்பில பருப்புக் கிடக்கு. நேரத்துக்கு இறக்குங்கோ. அதையாவது ஒழுங்காச் செய்யுங்கோ."

சாவடியில் முஹம்மது தம்பி ஒரு வாங்கில் குந்தியிருந்தார். ஐம்பது வயது. சாரம் முழுக்க மிளகாய்த்தூள், கண் இரண்டும் பழுத்த சிவப்பு. அழுதாரா, தூள் பட்டதா என்று சொல்ல ஏலாது. மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் ஒரு உரப்பைக்குள் ஒன்றாகக் கொட்டப்பட்டுக் கிடந்தன.

மேசைக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி. லோஜினியின் வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்டிருந்தான். கச்சான் காற்றில் பறக்காமல் ஆறு தாள்களையும் விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்திருந்தான். புஷ்பவதி இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தாள்.

"இது ஆருடையது?"

"என்னுடையது."

"என்ன இது?"

"நெல்லு."

அதிகாரி தாளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"என்ர அப்பா நெல்லு விதைக்கிறவர். நான் நெல்லுக்குள்ள வளந்தனான். அதில எழுத்து ஒண்டும் இல்லை."

"இருக்கு, மாத்தையா. ஒவ்வொரு மணிக்குள்ளயும் இருக்கு. பயிர் எவ்வளவு உயரம் வளரவேணும், எந்த நோயைத் தாங்கவேணும் எண்டதெல்லாம் அதிலதான் இருக்கு. நாலே நாலு பொருள். அதுகளுக்கு நாங்கள் நாலு எழுத்து வச்சிருக்கிறம். மூண்டு மூண்டாச் சேர்த்து வாசிக்கவேணும்."

"சேர்த்தால்?"

"ஒவ்வொரு மூண்டுக்கும் ஒரு அர்த்தம் வரும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"பார்த்தால் வெறும் எழுத்து. மூண்டு மூண்டாச் சேர்த்தால் வேற அர்த்தம். அதுக்குக் கோட் எண்டு பேர்."

வழியெல்லாம் அவள் விழுங்கிக்கொண்டு வந்த சொல்லை அவனே எடுத்து மேசையில் வைத்துவிட்டான். புஷ்பவதி செருப்புக் காலால் அவள் காலை மிதித்தாள். பேசாதே என்று அர்த்தம். லோஜினிக்கு அந்த அர்த்தம் பிடிபடவில்லை. அல்லது பிடிபட்டும் கோபம் முந்திக்கொண்டது.

"ஓம், கோட்தான்! நெல்லுட கோட். அதை வாசிக்கிறதுக்கு நான் எழுதுறதும் கோட்தான். ஒளிக்கிறதுக்கு எழுதேல்லை, மாத்தையா. முழு உலகமும் பார்க்கவேணும், பிழை பிடிக்கவேணும் எண்டு திறந்து போட்டிருக்கிறம். அங்க ஒருத்தரும் என்ர அடையாள அட்டையைக் கேட்கிறதில்லை. நான் தமிழா, சிங்களமா, ஆம்பிளையா, பொம்பிளையா எண்டு கேட்கிறதில்லை. என்ர பிழையை மட்டுந்தான் கேட்கிறது. இணையத்தில பாருங்கோ!"

புஷ்பவதி இதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தாள். எந்தப் பாதி என்று அவளுக்குத்தான் தெரியும்.

"இங்க இருக்கிறது இந்த ரேடியோ ஒண்டுதான்" என்றான் அதிகாரி. "அதில நெல்லு வராது. சரி, ஒளிக்கிறதில்லை எண்டால் இது ஏன் மிளகாய்த்தூளுக்குள்ள வந்தது?"

அதற்கான பதில் கடைத்தெருவில் அரிசி அளந்துகொண்டிருந்தது.

அவள் மேசையைப் பார்த்தாள். தாள்களின் மூலையில் அவளுடைய கையெழுத்தில் சிவப்பு இலக்கம். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு.

"மாத்தையா, ஒரு தாள் குறையுது."

"ஒண்டில இருந்து ஆறு வரை. ஆறு தாள். கணக்குச் சரி."

"ஏழு தாள். பூச்சியமாம் தாள் ஒண்டு இருக்கு. கணினி பூச்சியத்தில இருந்துதான் எண்ணும், அந்தப் பழக்கத்தில நானும் அப்பிடித்தான் இலக்கம் போடுறனான். அந்தத் தாளிலதான் எல்லாம் இருக்கு. நெல்லின்ர பேர், பல்கலைக்கழகத்தின்ர பேர், என்ர பேர், இணைய விலாசம்."

"பூச்சியத்தில இருந்து எண்ணுற ஆளை நான் இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

"எங்கட கடையிலயும் ஒண்டு எண்டு தொடங்கிறதில்லை, மாத்தையா" என்று புஷ்பவதி புகுந்தாள். "லாபம் எண்டு தொடங்குவம்."

அதிகாரியின் உதடு சிரிக்கப் பார்த்தது. அவன் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

"நாலு மணிக்குள்ள அந்தத் தாளைக் கொண்டு வாங்கோ. பேரும் விலாசமும் இருந்தால் நான் பொறுப்பெடுத்து இவரை விடுறன். இல்லாட்டில் எனக்கு இது தலையில்லாத கடுதாசி. வண்டியில ஏத்தத்தான் வேணும்."

வாங்கில் இருந்து முஹம்மது தம்பி இருமினார்.

"மகள், நான் சீரகம் வாங்க வந்தவன். நெல்லுட சாதகம் வாங்க வரல்ல."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, காக்கா." முஸ்லிம் அண்ணன்மாரை நம்மூரில் காக்கா என்றுதான் கூப்பிடுவது.

"ஒண்டு சொல்றன், கேளுங்க. மொதல்ல முதலாளி மிளகுதான் சுத்தினவர். சுத்தி, என்ட கையில தந்திட்டு, திருப்பிப் பறிச்சவர். அவிழ்த்துப் பார்த்தவர். முகம் ஒரு மாதிரிப் போச்சி. பொறகு மிளகைக் கலண்டர்த் தாள் ஒண்டில மாத்திச் சுத்தித் தந்தவர். அந்தப் பேப்பரை மடிச்சி வெச்சிக்கிட்டவர். மத்த ஆறையும் இதே பேப்பர்லதான் சுத்தித் தந்தவர்."

திரும்பி வரும் ஆட்டோவில் லோஜினிக்குத் துறைமுகத்துக் காற்று முகத்தில் அடித்தும் உடம்பு கொதித்தது. அறியாமல் எடுத்தது என்று நினைத்திருந்தாள். அறியாமைக்கு ஒரு மன்னிப்பு உண்டு. பாலர் வகுப்புக் கிறுக்கல் என்று நினைத்த மனிதனை மிஞ்சிப்போனால் ஒரு மாதம் திட்டித் தீர்க்கலாம். பெயர் இருந்த தாளை மட்டும் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற ஆறையும் இன்னொருவன் கையில் கொடுத்து வீதியில் விட்ட மனிதனை என்ன செய்வது?

கடைக்குள் நுழைந்தபோது பருப்புக் கருகிய மணம் வந்தது.

"பூச்சியமாம் தாள் எங்க?"

"என்ன தாள்?"

"மிளகுச் சரை. முஹம்மது தம்பி காக்கா கண்டவர். இனியும் நடிச்சீங்கள் எண்டால் நான் கடைத்தெருவில நிண்டு கத்துவன்."

தவராசா இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ஓம், எடுத்தனான். அதில உன்ர பேர் கிடந்தது. அப்பான்ர பேர் கிடந்தது. என்னெண்டு விளங்காத எழுத்தோட எங்கட பேர் ஊரூராப் போகலாமே? உனக்காகத்தான் எடுத்தனான். எரிச்சுப் போட்டன். சாமி விளக்கில வச்சு எரிச்சுப் போட்டன்."

"மற்ற ஆறும் போகலாமோ?"

"அதில பேர் இல்லையே."

"காக்கான்ர கையில இருந்தது, அண்ணா! பேர் இல்லாட்டில் பிடிபட்டவன்தான் பேர்!"

புஷ்பவதி இவர்கள் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. அவள் நேரே தராசுப் பக்கம் போனாள்.

"எரிச்சவராம்" என்றாள். "ஒரு நெருப்புக்குச்சியை ரெண்டு தரம் பாவிக்கப் பார்க்கிற மனுசன், முழுப் பேப்பரை எரிச்சவராம்."

தராசை இரண்டு கையாலும் தூக்கினாள். அடியில், நான்காக மடித்து, மிளகு மணத்தோடு கிடந்தது.

லோஜினி விரித்தாள். நெல்லின் பெயர். பல்கலைக்கழகம். சிவகுருநாதன் பத்மலோஜினி. மூலையில் சிவப்பில் ஒரு வட்டப் பூச்சியம். எல்லாம் இருந்தது. அவள் மூச்சு விட்டாள். மூச்சோடு தாளைத் திருப்பினாள்.

பின்பக்கம் வெள்ளையாக இல்லை.

தவராசாவின் கையெழுத்து. அவனுடைய நீலப் பேனா. 'ரோச் பற்றரி, நாலு பெட்டி. கட்டைபறிச்சான், கதிரவேல். வியாழன் லோஞ்சுப் படகில், அரிசிச் சாக்குக்குள்.'

குடாவுக்கு அப்பால் கட்டைபறிச்சான் பக்கம் கைவிளக்குப் பற்றரி கொண்டுபோக அனுமதி இல்லை என்பது ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

"அப்ப எனக்காக எடுக்கேல்லை" என்றாள் லோஜினி மெதுவாக.

"கதிரவேல் வந்து நிண்டு சொன்னவன், கையில கிடைச்ச பேப்பரில எழுதினனான். அங்க சனம் இருட்டுக்க கிடக்குது, பிள்ளை. அதில எனக்கும் ஒரு..."

"சொல்லுங்கோ. வாயால சொல்லுங்கோ."

"...லாபம்."

"லாபம்! தொடங்கேக்கயும் லாபம், முடிக்கேக்கயும் லாபம். நீங்கள் ஒண்டு எண்டு சொல்லாமல் விடுற இடத்தில ஒரு ஆள் நிண்டவர், அண்ணா. இப்ப அந்த வாங்கில இருக்கிறார்."

"இதைக் கொண்டு போனால் என்னைப் பிடிப்பான்."

"கொண்டு போகாட்டில் அவரை ஏத்துவான்."

"அந்த இடத்தை வெட்டி விடு. இல்லாட்டில் வேறயா அடிச்சுக் குடு."

"கரண்ட் இல்லை, அண்ணா. வெட்டிறதெண்டால் ரெண்டு பக்கமும் ஒரே பேப்பர், முன்பக்கத்துப் பேரும் போயிடும்."

மணி மூன்று முப்பத்திரண்டு. புஷ்பவதி புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாலி கட்டியவனுக்காக அவள் இப்போது ஏதாவது சொல்வாள் என்று லோஜினி பயந்தாள். அவள் சொன்னது ஒன்றுதான்.

"போட்டிருக்கிற சேட்டை மாத்துங்கோ. அதில மிளகாய் மணக்குது."

லோஜினி தாளை மடித்து அண்ணனின் கைக்குள் திணித்தாள்.

"நீங்கள்தான் குடுக்கப் போறீங்கள். உங்கட கையால. 'என்ர கடையில நான் சுத்தினது' எண்டு உங்கட வாயால சொல்லிக் குடுக்கப் போறீங்கள். எந்தப் பக்கத்தை மேல வைக்கிறதெண்டு போற வழியில யோசியுங்கோ."

மூன்று ஐம்பதுக்குச் சாவடியில் இறங்கினார்கள். வீதியோரம் வண்டி வந்து நின்றுவிட்டிருந்தது, பின்கதவு திறந்தபடி.

தவராசா அச்சுப் பக்கம் மேலே தெரியத் தாளை நீட்டி, சொல்லவேண்டியதைச் சொன்னான். "என்ர கடை. நான்தான் சுத்தினனான். தங்கச்சியின்ர வேலைப் பேப்பர், எனக்கு விளங்கேல்லை. அவரில ஒரு பிழையும் இல்லை." புஷ்பவதி ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள்.

அதிகாரி எழுத்துப் பக்கத்தை வாசித்தான். விரலை வைத்து மெல்ல வாசித்தான். லோஜினியின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரை ஒத்துப் பார்த்தான். பிறகு தாளை மற்ற ஆறுக்கும் முன்னால் மேசையில் வைத்து, ஒரு கல்லைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்தான்.

"பூச்சியம்" என்றான் தமிழில். "ஒண்டு, ரெண்டு..." ஆறு வரை எண்ணினான். "சரி. ஏழு."

வாங்கைப் பார்த்துக் கையசைத்தான். முஹம்மது தம்பி எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது, மஹ்ரூப் ஓடிப்போய்த் தாங்கினான். கலந்த சரக்கு நிறைந்த உரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தவராசாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"முதலாளி, நாளையில இரிந்து நான் பை கொண்டு வாறன்" என்றார். "உங்கட பேப்பர் எனக்கு வாணாம்."

தவராசா தலை குனிந்தான். லோஜினிக்கு அது போதவில்லை. வருடக்கணக்கில் போதாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆனாலும் முஹம்மது தம்பியின் செருப்புச் சத்தம் வீதியில் ஏறித் தூரப் போவதைக் கேட்க நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. தாள்களைத் திருப்பிக் கேட்கவேண்டும், நாளைப் பதிப்புக்குத் திருத்தம் எழுதவேண்டும் என்று திரும்பினாள்.

கச்சான் ஒரு வீச்சு வீசியது.

ஆறு தாள்கள் அசையவில்லை. பூச்சியமாம் தாளின் மேல் வைத்த கல் சின்னக் கல். அது உருண்டது, தாள் எழும்பி, ஒரு தரம் புரண்டு, மேசையின் நடுவில் நீல எழுத்து மேலே தெரியப் படுத்துக்கொண்டது.

அதிகாரி அதைப் பார்த்தான். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"அக்கா" என்றான் புஷ்பவதியைப் பார்த்து. "இதையும் வாசிச்சுச் சொல்லுங்கோ."